ரைஃபிள் தோட்டா உறைகளை நீளம் வெட்டுதல்: முழுமையான வழிகாட்டி

சுட்ட பித்தளை உறை, சுடும் முன் இருந்த நீளத்தில் திரும்பி வருவதில்லை. வெடிப்பின் அழுத்தத்தில் உறையின் சுவர் சேம்பர் (குழலில் தோட்டா அமரும் அறை) சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, அடிப்பகுதி பின்னால் போல்ட்டை (சேம்பரைப் பின்புறம் மூடும் பாகம்) நோக்கித் தள்ளப்படுகிறது. இடையிலுள்ள பித்தளை இழுபடுகிறது. பிறகு மறுபடி நிரப்புவதற்காக அதே உறையை டையில் (உறையை நெரித்து வடிவம் கொடுக்கும் அச்சு) ஏற்றிப் பழைய அளவுக்கு நெரிக்கும்போது, உடலிலும் தோளிலும் (உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவு) பிதுங்கிய உலோகம் கழுத்தின் பக்கம் நகர்கிறது. திரும்ப வெளியே இழுக்கையில் டைக்குள் இருக்கும் விரிப்பான் உருண்டை கழுத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிடுகிறது. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உறை வளர்கிறது. வளர்ந்ததை வெட்டி எடுப்பதுதான் இங்கே பேசும் வேலை.

வேலை சின்னதுதான், ஆனால் விட்டுவிடக் கூடியதல்ல. சேம்பரில் உறையின் கழுத்துக்கென்று கடைந்த இடம் ஓர் இடத்தில் முடிந்து, அதற்கப்பால் குண்டு போகும் தொண்டை குறுகத் தொடங்குகிறது. உறை அளவுக்கு மீறி நீண்டிருந்தால், போல்ட்டை மூடும்போது அதன் வாய் அந்தக் குறுகலுக்குள் புகுந்து, உள்பக்கமாக மடிந்து குண்டைக் கவ்விக்கொள்ளும். சுட்டதும் கழுத்து விரிந்து குண்டை விட வேண்டும். விரிய இடமில்லாததால் பிடி தளராது. வெடிமருந்தோ எரிந்துகொண்டிருக்கிறது. அழுத்தம் பாதுகாப்பான எல்லையைத் தாண்டி எகிறும். மருந்தின் எடையை எவ்வளவு கவனமாக நிறுத்திருந்தாலும் இந்த ஒரு பிழை அதையெல்லாம் வீணாக்கிவிடும்.

போல்ட் ரைஃபிளில் மூடும்போது கை கனப்பதை வைத்து இதை ஊகிக்க வாய்ப்புண்டு. தானாக ஏற்றும் ரைஃபிளில் அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. ஸ்பிரிங்கின் வேகத்தில் போல்ட் நீண்ட உறையையும் அடித்து உள்ளே ஏற்றிவிடும். ஆகவே கையுணர்வை நம்பாமல் அளவுகோலை நம்புங்கள்.

தொடங்கும் முன் ஒன்று: வீட்டில் தோட்டா மறுநிரப்பல் எல்லா நாட்டிலும் அனுமதிக்கப்பட்டதல்ல. சில இடங்களில் தனி உரிமம் வேண்டும், சில இடங்களில் முழுத் தடை. உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தால் மட்டுமே மேலே படிப்பதில் பயன் உண்டு.

அதிகபட்ச நீளமும் வெட்டு நீளமும்

ஒவ்வொரு தோட்டா வகைக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று அதிகபட்ச நீளம். இதைத் தாண்டிய உறையை நிரப்பக் கூடாது. இன்னொன்று வெட்டு நீளம்; வெட்டும்போது இதற்குக் கொண்டுவர வேண்டும். வழக்கமாக இரண்டுக்கும் இடையே 0.010 அங்குலம், அதாவது 0.25 மி.மீ. இடைவெளி இருக்கும். அதிகம் புழங்கும் சில வகைகளுக்கு:

.223 ரெமிங்டன்: அதிகபட்சம் 1.760 அங்குலம் (44.70 மி.மீ.), வெட்டு நீளம் 1.750 (44.45)
.243 வின்செஸ்டர்: 2.045 (51.94), வெட்டு நீளம் 2.035 (51.69)
6.5 கிரீட்மோர்: 1.920 (48.77), வெட்டு நீளம் 1.910 (48.51)
.308 வின்செஸ்டர்: 2.015 (51.18), வெட்டு நீளம் 2.005 (50.93)
.30-06 ஸ்பிரிங்ஃபீல்ட்: 2.494 (63.35), வெட்டு நீளம் 2.484 (63.09)
.270 வின்செஸ்டர்: 2.540 (64.52), வெட்டு நீளம் 2.530 (64.26)
.300 வின்செஸ்டர் மேக்னம்: 2.620 (66.55), வெட்டு நீளம் 2.610 (66.29)

உங்கள் தோட்டா இந்தப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கையிலிருக்கும் மறுநிரப்பல் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். .270 உறையும் .30-06 உறையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத் தெரியும், நீளம் வேறு. பெயரை மட்டும் வைத்து எண்ணை ஊகிப்பது ஆபத்து.

வெட்டு நீளத்தைவிடச் சற்றுக் குறைந்துபோன உறை அபாயமானதல்ல. வாய்க்கு முன்னால் சேம்பரில் வெறுமையாகக் கிடக்கும் இடத்தில் கரி வளையமாகப் படியும், குண்டைப் பிடிக்கும் கழுத்தின் நீளம் குறையும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கரி வளையம் கெட்டியாகிவிட்டால், பிறகு வரும் சரியான நீளமுள்ள உறைகூட அதில் போய் இடிக்கும். நீளக் குறைவான உறைகளைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவர்கள் சேம்பரின் கழுத்துப் பகுதியைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

துல்லியச் சுடுதலில் ஈடுபட்டவர்கள் சிலர் தங்கள் சேம்பரின் உண்மையான நீளத்தையே அளந்துகொள்வார்கள். குட்டையாக வெட்டிய ஓர் உறையின் கழுத்தில் மெல்லிய விளிம்புள்ள சிறு அடைப்பானைச் செருகி, சேம்பருக்குள் மெதுவாக ஏற்றினால், குறுகல் தொடங்கும் இடத்தில் இடித்து அடைப்பான் பின்னால் நகரும். வெளியே எடுத்து முழு நீளத்தையும் அளந்தால் சேம்பரின் கழுத்து எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் அது கையேட்டு எண்ணைவிட நீளமாகவே இருக்கும். அதை அறிந்தாலும் கையேட்டு எல்லைக்குள் நிற்பதே நல்லது. ஒரே உறை இரண்டு ரைஃபிள்களுக்குப் போக வாய்ப்புள்ள வீட்டில் இதில் பேச்சுக்கே இடமில்லை.

வெட்டும் முன் முடிக்க வேண்டியவை

வரிசை மாறினால் வெட்டு கெடும். பழைய பிரைமரை (வெடிமருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் பொருத்தும் சிறு மூடி) தட்டி எடுத்தல், சுத்தம் செய்தல், எண்ணெய் பூசுதல், முழு நீளமும் டையில் ஏற்றுதல், எண்ணெயைத் துடைத்தல், அளத்தல், அதன் பிறகுதான் வெட்டுதல்.

முதலில் உறைகளைப் பிரியுங்கள். தயாரிப்பாளர் முத்திரை ஒன்றாக உள்ளவற்றை ஒரு கூட்டமாகவும், எத்தனை முறை சுடப்பட்டவை என்ற கணக்கின்படியும் வையுங்கள். கழுத்தில் வெடிப்பு, உடலில் கீறல், பிரைமர் குழி ஓரத்தில் புகைக்கறை, அடிப்பக்கம் பளபளக்கும் வளையம் ஆகியவை தெரிந்தால் அந்த உறை இங்கேயே கழிவுப் பெட்டிக்குப் போகட்டும். எறிய வேண்டிய உறையை வெட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

மேசையில் மருந்தோ புது பிரைமரோ இந்தக் கட்டத்தில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு உறையின் உள்ளும் கண்ணால் பார்த்துக் காலியா என்று உறுதி செய்யுங்கள். வெடிக்காத பிரைமர் உள்ள உறையையோ நிரப்பிய தோட்டாவையோ எந்த வெட்டுக் கருவியிலும் பொருத்தவே கூடாது. பிரைமர் எச்சத்தில் ஈயம் உண்டு. உலர்ந்த தூளில் உறைகளை உருட்டிச் சுத்தம் செய்பவர்கள் தூசி பறக்காத இடத்தில் அதைச் செய்ய வேண்டும். வேலை முடியும் வரை தின்னவோ குடிக்கவோ வேண்டாம், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பிரைமரை முன்னதாக எடுத்துவிடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சுடப்பட்ட பிரைமர் சிலவற்றில் குழியைவிட்டுக் கொஞ்சம் வெளியே துருத்தி நிற்கும். அதோடு அளந்தால் உறை நீண்டதாகக் காட்டும். அதோடு வெட்டினால் உறை குட்டையாகிவிடும்.

டையில் ஏற்றிய பிறகே வெட்ட வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் பேர் தவறுவது இங்கேதான். சுட்டபடியே அளந்து, "எல்லைக்குள் இருக்கிறது" என்று விட்டுவிட்டு, பின்னால் டையில் ஏற்றினால் அது நீண்டு எல்லையைத் தாண்டிவிடும். ஏற்றாத கழுத்து அகன்றும் இருக்கும். வெட்டுக் கருவியின் பைலட் (கழுத்துக்குள் நுழைந்து கட்டரை நேராக நிறுத்தும் தண்டு) அதற்குள் ஆடும், வெட்டு கோணலாகும்.

முழு நீள டையை எவ்வளவு இறக்கி வைக்கிறீர்கள் என்பதுதான் உறை எவ்வளவு வேகமாக நீளும் என்பதைத் தீர்மானிக்கிறது. தோளை அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளினால், அடுத்த முறை சுடும்போது உறை அந்த இடைவெளியை நிரப்ப இழுபட்டாக வேண்டும். போல்ட் ரைஃபிளுக்குத் தோளை 0.001 முதல் 0.002 அங்குலம் வரை (0.03 முதல் 0.05 மி.மீ.) பின்தள்ளினால் போதும், தானாக ஏற்றும் ரைஃபிளுக்கு 0.003 முதல் 0.005 அங்குலம் வரை (0.08 முதல் 0.13 மி.மீ.) தேவைப்படும். விரிப்பான் உருண்டை கழுத்தைக் கிரீச்சென்று இழுத்தால் உள்கழுத்தில் துளி எண்ணெய்ப் பூச்சு வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கிரீச் சத்தத்தோடு கழுத்து நீள்வது மட்டுமில்லை, வளைவதும் உண்டு.

அளப்பது

0.001 அங்குலம் அல்லது 0.02 மி.மீ. காட்டும் காலிப்பர் போதும். டிஜிட்டலோ டயலோ, எதுவானாலும் தாடைகளைத் துடைத்து மூடிப் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒவ்வொரு தொடக்கத்திலும் பாருங்கள். தாடையிடுக்கில் ஒரு பித்தளைத் துணுக்கு ஒட்டியிருந்தாலே கணக்கு கெட்டுவிடும்.

உறையின் அடியை ஒரு தாடையோடு முழுதாகப் படியவைத்து, மற்ற தாடையை வாய்மேல் கொண்டுவந்து, உறையை மெல்லச் சுழற்றியும் ஆட்டியும் பார்க்க வேண்டும். உறை சாய்ந்திருந்தால் எண் கூடும். நேராக நிற்கும்போது கிடைக்கும் மிகக் குறைந்த எண்ணே உண்மை நீளம். சுழற்றும்போது எண் மாறிக்கொண்டே இருந்தால் வாய் கோணல், அல்லது ஓரத்தில் பிசிறு, அல்லது அடி விளிம்பில் எஜெக்டர் (சுட்ட உறையை வெளியே தள்ளும் பாகம்) அடித்த மேடு. அந்த மேட்டை நுண்ணரத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்துச் சமன் செய்யலாம்.

எல்லாவற்றையும் அளக்கத் தேவையில்லாத எளிய வழி ஒன்று உண்டு. காலிப்பரை அதிகபட்ச நீளத்தில் திருகிப் பூட்டிவிட்டு, உறைகளை ஒவ்வொன்றாக இடையில் நுழைத்துப் பாருங்கள். நுழையாதது வெட்டப்பட வேண்டியது. ஆனால் ஒரே நீளத்தில் எல்லாமும் இருக்க வேண்டும் என்று விரும்பினால், குறிப்பாகக் குண்டை வாய் மடித்துப் பிடிக்க வைப்பவர்கள், மொத்தக் கூட்டத்தையும் வெட்டிவிடுவதே சரி. நீளம் மாறினால் மடிப்பின் இறுக்கமும் மாறும். நீளமான உறையில் தோள் உப்பிப்போய்ச் சேம்பரில் ஏறாமலேகூட நின்றுவிடும்.

கருவிகள்

மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் உறையை எங்கே தாங்கிக்கொண்டு நீளத்தை அளக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், எந்தக் கருவியில் என்ன பிழை வரும் என்பது தானாகப் புரியும்.

முதலாவது, நிலையான நீளமுள்ள அளவூசி. லீ நிறுவனத்தின் எளிய கருவி இந்த வகை. கட்டரின் நுனியில் ஓர் ஊசி உண்டு; அது உறையின் வாய் வழியாக இறங்கி, தீத்துளையை (பிரைமரின் தீ உறைக்குள் செல்லும் துளை) தாண்டி, கீழே உறையைப் பிடித்திருக்கும் பூட்டில் முட்டி நிற்கும். முட்டியதும் கட்டர் மேற்கொண்டு வெட்டாது. திருகவோ சரிசெய்யவோ எதுவும் இல்லை. தொடக்கக்காரருக்கு இதைவிடப் பாதுகாப்பான கருவி கிடையாது. ஊசி ஒவ்வொரு தோட்டா வகைக்கும் தனித்தனி. தீத்துளை சிறியதாகச் செய்யப்பட்ட உறைகளில் ஊசி நுழையாது. நடுவில் துளையில்லாமல் இரண்டு ஓரத்துளைகளோடு வரும் பெர்டன் வகை உறைகளுக்கும் இது ஒத்துவராது. ஊசி நின்றுபோகும் இடத்தில் பலத்தைப் பிரயோகித்தால் ஊசி வளையும், அதன்பின் எல்லா உறையும் தவறான நீளத்தில் வெட்டுப்படும்.

இரண்டாவது, சிறு லேத் போன்ற கருவி. ஃபார்ஸ்டர், லைமன், ஆர்.சி.பி.எஸ்., எல்.இ. வில்சன் போன்ற நிறுவனங்களின் கருவிகள் இந்தக் குடும்பம். உறையின் அடியை ஒரு முனையில் பிடித்து, கழுத்துக்குள் பைலட்டை நுழைத்து, கைப்பிடியைச் சுற்றி வெட்டுவது. கோலெட் (சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் வளையப் பிடி) கொண்டு விளிம்பைக் கவ்வும் கருவிகளில், விளிம்பின் தடிமன் உறைக்கு உறை மாறினால் வெட்டின் நீளமும் கொஞ்சம் மாறும். கோலெட்டை ஒருமுறை லேசாகவும் ஒருமுறை அழுத்தியும் திருகினால் அதுவே ஒரு மாற்றத்தைக் கொண்டுவரும். வில்சன் கருவியில் பைலட் கிடையாது; உறையின் உடலே ஒரு குழல் பிடிக்குள் அமர்ந்துவிடும், அடி ஒரு திருகின் மேல் முட்டி நிற்கும். ஆகவே விளிம்பின் தடிமன் அங்கே கணக்கில் வராது. துல்லியம் தேவைப்படுபவர்களுக்கு எங்கள் தேர்வு இதுவே.

மூன்றாவது, தோளைத் தாங்கி வெட்டும் வேகக் கருவி. துளையிடும் மோட்டாரில் பொருத்தி, உறையைக் கையால் தள்ளினால் தோள் முட்டும்வரை வெட்டும். நூற்றுக்கணக்கில் .223 உறை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் வாழ்வு. சில மாதிரிகள் வாயின் உள்ளோரத்தையும் வெளியோரத்தையும் சேர்த்தே சீவிவிடும். ஆனால் இங்கே நீளம் தோளிலிருந்து அளக்கப்படுகிறது, அடியிலிருந்தல்ல. டையில் ஏற்றும்போது தோள் ஒரே இடத்தில் உட்காராவிட்டால், வெட்டிய உறைகளின் மொத்த நீளமும் அதே அளவு முன்பின் ஆகும். இந்தக் கருவியைப் பழிக்கும் முன் டையைச் சரிபாருங்கள்.

வெட்டும் வேலை, படிப்படியாக

இரண்டாம் வகைக் கருவியை எடுத்துக்கொண்டு சொல்கிறோம். மற்றவற்றுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

1. தோட்டா வகைக்குரிய பைலட்டைக் கட்டரில் பொருத்தித் திருகை இறுக்குங்கள். டையில் ஏற்றிய உறையின் கழுத்துக்குள் பைலட் ஆடாமல், ஆனால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இறுகினால் உள்கழுத்தில் கரி ஒட்டியிருக்கும்; நைலான் தூரிகையால் ஒரு சுற்று போதும். விரிப்பான் இல்லாத டையில் ஏற்றிய கழுத்து இயல்பாகவே இறுக்கமாக இருக்கும், அதற்குச் சற்றுச் சிறிய பைலட் வேண்டும். பைலட்டில் துளி எண்ணெய் விடுவது நல்லது. பித்தளை அதில் ஒட்டி உரசாமல் காக்கும்.

2. கூட்டத்திலேயே மிக நீளமான உறையைத் தேர்ந்து பொருத்துங்கள். கட்டரின் நிறுத்தியை வேண்டுமென்றே தள்ளி, நீளம் கூடுதலாக வரும்படி வையுங்கள். குறைவாக வெட்டியதை மறுபடி வெட்டலாம். அதிகமாக வெட்டியதை ஒட்டவைக்க முடியாது.

3. லேசாக வெட்டி, வெளியே எடுத்து, ஓரத்துப் பிசிறைச் சீவியபின் அளவிடுங்கள். பிசிறோடு அளந்தால் உண்மை நீளத்தைவிடக் கூடக் காட்டும், நீங்களும் ஏமாந்து அதிகம் வெட்டிவிடுவீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தியை நகர்த்தி வெட்டு நீளத்துக்கு வாருங்கள்.

4. நீளம் வந்ததும் நிறுத்தியின் பூட்டுத் திருகை இறுக்குங்கள். இறுக்கும்போதே நிறுத்தி நகர்வதுண்டு. ஆகவே இறுக்கியபின் இன்னொரு உறையை வெட்டி மறுபடி அளங்கள். இந்த இரண்டாவது அளவீட்டை விட்டுவிடாதீர்கள்.

5. இப்போது முழுக் கூட்டத்தையும் ஒரே கையழுத்தத்தில் வெட்டுங்கள். கட்டரைச் சீராக, வெட்டும் திசையில் மட்டும் சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் கட்டரின் பல் முனை மழுங்கும். தடை உணர்வு மறைந்து கட்டர் சும்மா சுற்றத் தொடங்கியதும் இரண்டு மூன்று சுற்று அழுத்தமில்லாமல் விட்டுச் சுற்றினால் வாய் வழவழப்பாகும். மோட்டாரில் செய்பவர்கள் வேகத்தைக் குறைத்து வையுங்கள். தோள் வகைக் கருவியில் தள்ளிக்கொண்டே உறையை விரல்களால் அரைச்சுற்று திருப்பினால் வெட்டு செங்குத்தாக வரும்.

6. பத்துப் பதினைந்துக்கு ஒன்றை எடுத்து அளந்துகொண்டே போங்கள். ஒரு கூட்டத்துக்குள் நீளம் 0.002 அங்குலத்துக்குள் (0.05 மி.மீ.) நின்றால் வேட்டைக்கும் சாதாரண இலக்குக்கும் தாராளம். அதற்கு மேல் போனால் நிறுத்தி தளர்ந்திருக்கிறது, அல்லது பிடிப்பில் துணுக்குச் சிக்கியிருக்கிறது.

முதல் சில உறைகளில் வாயின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று வெட்டுப்பட்டு, மறுபக்கம் பழைய நிறத்திலேயே இருக்கும். பிழையில்லை, வாய் அதுவரை கோணலாக இருந்தது, இப்போது நேராகிறது. வட்டம் முழுக்கப் பளிச்சென்று தெரியும்வரை வெட்டினால்தான் வாய் செங்குத்தாகும். அப்படி வெட்ட வெட்டு நீளத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால், அந்த உறையை அப்படியே விடுங்கள்; அடுத்த சுற்றில் தானாகச் சரியாகும்.

பிசிறு எடுத்தல்

வெட்டிய வாயை விரலால் தொட்டுப் பார்த்தால் உள்ளேயும் வெளியேயும் கூரான சுணை தெரியும். வெளிச்சுணையை விட்டால் டையையும் சேம்பரையும் கீறும். உள்சுணை அதைவிடக் கெட்டது: குண்டை உட்கார வைக்கும்போது அதன் செப்பு மேலுறையைச் சீவி எடுக்கும். உட்கார வைத்த குண்டின் ஓரத்தில், வாயை ஒட்டி, மயிரிழை போன்ற செப்புச் சுருள் ஒன்று மினுங்கினால் உள்ளோரம் சரியாகச் சீவப்படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கையால் திருப்பும் சாதாரண சீவல் கருவியின் கூம்பு முனையை உள்ளே வைத்து லேசாக இரண்டு மூன்று சுற்று. அப்படியே திருப்பி வைத்து வெளியோரத்துக்கு ஒரு சுற்று. இவ்வளவே. உள்ளோரத்தில் மெல்லிய பளபளப்புக் கோடு வட்டமாகத் தெரிந்தால் போதும். கத்திமுனைபோல் கூராகும்வரை சீவுபவர்கள் வாயின் தடிமனையே தின்றுவிடுகிறார்கள். அப்படி மெலிந்த வாய் குண்டை ஏற்றும்போது மடங்கும், சில சுற்றில் வெடிக்கும். படகுவால் போல் அடி குறுகாமல் தட்டையாக இருக்கும் குண்டுகளுக்குச் சற்றுச் செங்குத்தான, ஆழமான சரிவு உதவும். அதற்கென்று தனிக் கூம்புகள் கிடைக்கின்றன. அவற்றிலும் கை லேசாகவே இருக்கட்டும்.

எஃகு ஊசிகளோடு நீரில் உருட்டிச் சுத்தம் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெடுநேரம் உருண்டால் உறைகள் ஒன்றோடொன்று மோதி வாய் நசுங்கி, ஓரம் உள்பக்கம் சுருண்டுவிடும். வெட்டியபின் இன்னொரு நீண்ட உருட்டல் போட்டால் செய்த வேலை போச்சு. துணுக்குகளை நீக்கக் குறுகிய நேரம் கழுவினால் போதும், அதன்பின் வாயை ஒருமுறை தடவிப் பாருங்கள்.

கடைசியில் ஒவ்வொரு உறையையும் தலைகீழாகத் தட்டி உள்ளிருக்கும் துணுக்குகளை உதிர்த்துவிடுங்கள். தீத்துளை திறந்திருக்கிறதா, பிரைமர் குழியில் துணுக்கு தங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் துடைக்காமல் வெட்டியவர்களுக்கு இது தலைவலி. துணுக்குகள் உள்கழுத்தில் பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெட்டு கெட்டுப்போவது ஏன்

வாயில் அலையலையாகப் படிக்கட்டுகள் தெரிந்தால் கட்டர் மழுங்கியிருக்கும், அல்லது பைலட் கழுத்துக்குள் ஆடும், அல்லது கை அழுத்தம் கூடியிருக்கும். மூன்றையும் இந்த வரிசையிலேயே சந்தேகப்படுங்கள். துணுக்கு சிறு செதில்களாக விழுந்தால் கட்டர் நன்றாக வெட்டுகிறது. தூளாக விழுந்து பிசிறு பெரிதாக எழுந்தால் தீட்டவோ மாற்றவோ நேரமாயிற்று.

உறை பிடிப்புக்குள் சுழன்றால் பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது விளிம்பில் எண்ணெய். வாயைச் சுற்றித் தடிமன் ஒரு பக்கம் மெல்லியதாகவும் ஒரு பக்கம் தடித்தும் தெரிந்தால் அது வெட்டின் குற்றமல்ல. உறையின் கழுத்தே அப்படித் தயாராகி வந்திருக்கிறது. நேராக வெட்டியும் நீளங்கள் கூடிக்குறைந்தால் அளவிடும் கையையும் சந்தேகியுங்கள்: ஒரே உறையை மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

சுட்ட உறையில் ஒரு சோதனை உண்டு, எல்லாரும் செய்ய வேண்டியது. சுட்டபடியே, டையில் ஏற்றாத உறையின் வாயில் ஒரு குண்டைப் போடுங்கள். தடையின்றி உள்ளே நழுவ வேண்டும். இடித்து நின்றால், வாயின் ஓரம் உள்பக்கம் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். மடிந்திருந்தால் உறை நீண்டுபோய்த் தொண்டையில் நெரிந்திருக்கிறது என்று பொருள். மடிப்பில்லாமலே இடித்தால் சேம்பரின் கழுத்து இறுக்கம், அல்லது உறையின் கழுத்துச் சுவர் தடித்திருக்கிறது. மேற்கொண்டு ஒரு தோட்டாகூட நிரப்பும் முன் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எத்தனை முறைக்கு ஒருமுறை, எப்போது எறிவது

ஒவ்வொரு முறை டையில் ஏற்றியபின்னும் அளந்து பார்ப்பது கட்டாயம். ஒவ்வொரு முறையும் வெட்டுவது கட்டாயமல்ல. கழுத்தை மட்டும் நெரிக்கும் டையைப் பயன்படுத்துபவர்களுக்கு உறை மெதுவாக நீளும். தானாக ஏற்றும் ரைஃபிளில் சுட்ட .223, .308 உறைகள் வேகமாக நீளும். கைத்துப்பாக்கியின் நேர்ச்சுவர் உறைகளுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அவை நீளாமல் குறைவதும் உண்டு.

வெட்டிய அளவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெட்டியின் மூடியில் எழுதிவையுங்கள்: சுட்ட முறை, டையில் ஏற்றியபின் நீளம், வெட்டிய தேதி. இந்தக் குறிப்பு நீளத்தைத் தவிர இன்னொன்றையும் சொல்லும். வாயில் வெட்டி எறியும் பித்தளை வானத்திலிருந்து வந்ததல்ல. உறையின் உடலிலிருந்து மேலே ஏறியது. தோளை அதிகமாகப் பின்தள்ளும் பழக்கமிருந்தால் அடியை ஒட்டிய சுவரும் சேர்ந்து மெலிந்துகொண்டே போகும். நான்கைந்து முறை வெட்டப்பட்ட உறை என்றால் இனி வெளியே பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள்.

உள்ளே பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். காகிதக் கிளிப் ஒன்றை நேராக்கி, நுனியை இரண்டு மி.மீ. அளவுக்குச் செங்கோணமாக மடித்து, நுனியைக் கூராகத் தீட்டுங்கள். உறைக்குள் விட்டு, மடித்த நுனியைச் சுவரோடு ஒட்டி, அடியிலிருந்து மேல்நோக்கி மெதுவாக இழுங்கள். நல்ல உறையில் சுவர் வழுவழுவென்று போகும். மெலிந்த உறையில், அடியிலிருந்து சுமார் ஒரு செ.மீ. உயரத்துக்குள், நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவது விரலுக்குத் தெரியும். வெளியே அதே உயரத்தில் மங்கிய பளபளப்பு வளையம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த உறை அடுத்த முறை சுடும்போது இரண்டாகப் பிரியும். முன்பாதி சேம்பரில் சிக்கும், பின்பக்கம் வெப்ப வாயு முகத்தை நோக்கிப் பீறிடலாம். ஒன்றில் பள்ளம் தட்டுப்பட்டால் அதே கூட்டத்திலுள்ள மற்ற உறைகள் அத்தனையிலும் கிளிப்பை விட்டுப் பாருங்கள், டையின் இறக்கத்தையும் திரும்ப அமையுங்கள்.

கழுத்து வெடித்து எறியப்படும் உறைகளுக்குக் காரணம் வேறு. மடங்கி விரிந்து, மடங்கி விரிந்து பித்தளை கெட்டியாகிவிடுகிறது. கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கிப் பதப்படுத்தினால் ஆயுள் கூடும். அடிப்பகுதியில் சூடு ஏறவே கூடாது. அது மிருதுவானால் அழுத்தத்தைத் தாங்காது.

கழித்த உறையை மறுபடி யாரும் எடுத்து நிரப்பாதபடி, வாயை இடுக்கியால் நசுக்கிப் பித்தளைக் கழிவோடு போடுங்கள்.